பனிவாயனும் தெளிந்த இஞ்சிச்சாறும்

வெகு காலத்துக்கு முன்னால், மலைகள் இன்னும் ஒரு முழம் உயரமாக இருந்த காலத்தில், வெண்குன்றம் என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒரு குகையில் பனிவாயன் என்ற மந்திரவாதி குடியிருந்தான். யாருடைய குரல் அவனுக்குப் பிடித்துப்போகிறதோ, அவர்மேல் ஒரு ஊது ஊதுவான். ஊதப்பட்டவருக்கு முதலில் இருமல் வரும். பிறகு கால் உறையும், இடுப்பு உறையும், கழுத்து உறையும். பொழுது சாய்ந்தால் ஆள் பனிச்சிலையாகிக் குகைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

விறகுவெட்டி பேச்சிமுத்து பாடிக்கொண்டே மரம் வெட்டினான். ஊதிவிட்டான் பனிவாயன்.

இருமிக்கொண்டு வந்த தம்பியைப் பார்த்ததும் அக்கா உலகம்மைக்குப் புரிந்துவிட்டது. தாய் தகப்பன் இல்லாத வீடு. அவளுக்கு அவன், அவனுக்கு அவள்.

"அக்கா, எனக்குக் கால் இருக்குதா, பாரு."

"இருக்கு. வாயை மூடிக்கிட்டு உட்காரு."

"வாயை மூடினா இருமல் எந்த வழியா வரும்?"

"உன்னை அந்தக் குகைக்கு நான் விடப்போறதில்லை. அதை மட்டும் நினைச்சுக்கோ" என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

வீட்டில் இருந்தது மூன்றே துண்டு இஞ்சி. செய்முறை அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். தோலைச் சுரண்டி, அம்மியில் நசுக்கி, துணியில் பிழிந்து, சாற்றை ஆடாமல் வைக்க வேண்டும். அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படியும். அதைத் தொடாமல் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, மிளகும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் சேர்த்துச் சுடச்சுடக் கொடுக்க வேண்டும். சிலையாகிப் போனவர்களின் வீட்டிலும் இது தெரிந்துதான் இருந்தது.

முதல் துண்டைக் கையில் எடுத்தாள். ஜன்னலில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

"தோலைச் சுரண்டிக்கிட்டு இருக்கியே, பொழுது நிக்குமா? அப்படியே போடு, சீக்கிரம், சீக்கிரம்!"

பதறிப்போய்த் தோலோடு போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். குடித்தான். இடுப்புவரை உறைந்தது.

இரண்டாவது துண்டின் தோலைச் சுரண்டினாள், நசுக்கினாள், பிழிந்தாள். வாசலில் எதிர்வீட்டு இசக்கி வந்து நின்றாள்.

"ஏளா, பிள்ளை சாகக் கிடக்கான், நீ கிண்ணத்தை வேடிக்கை பாக்கியா? ஊத்துளா, சீக்கிரம், சீக்கிரம்!"

கலங்கலோடு ஊற்றிக் கொடுத்தாள். குடித்தான். கழுத்துவரை உறைந்தது. திரும்பிப் பார்த்தால் இசக்கி நின்ற இடத்தில் பனிப்புகைதான் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊதுவது பாதி மந்திரம். அவசரப்படுத்துவது மீதி மந்திரம்.

கதவைச் சாத்தினாள். மூன்றாவது துண்டை எடுத்தாள். சுரண்டினாள், நசுக்கினாள், பிழிந்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்து எதிரே உட்கார்ந்தாள். வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை முதுகுக்குப் பின்னாலிருந்து தம்பியின் குரலே வந்தது.

"அக்கா, தாங்க முடியலை. கொடுத்துடு, சீக்கிரம், சீக்கிரம்!"

அவள் கை கிண்ணத்தருகே போயிற்று. கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெளியட்டும்" என்றாள்.

"நான் உன் தம்பி இல்லையா?"

"என் தம்பிதான். அதனாலேதான் தெளியட்டும்."

குரல் அழுதது, திட்டியது, கெஞ்சியது. கண்ணீர் வழிய வழிய உட்கார்ந்திருந்தாளே தவிர, அவள் அசையவில்லை. மெல்ல மெல்ல வெள்ளை அடியில் படிந்தது. மேலே சாறு தேன் நிறத்தில் தெளிந்தது. கிண்ணத்தை ஆட்டாமல் எடுத்து, பாதியை இறுத்து, கொதிநீரில் கலந்து தம்பியின் வாயில் ஊற்றினாள். கழுத்து இளகியது, இடுப்பு இளகியது, கால் இளகியது. வீடெல்லாம் தண்ணீர்.

"நல்லவேளை, இந்தத் தடவை நீ அவசரப்படலை" என்றான் பேச்சிமுத்து.

"நீதானேடா சீக்கிரம்னு கெஞ்சினே?"

"நானா? எனக்குத்தான் நாக்கே உறைஞ்சுபோச்சே!"

கதவு தட்டப்பட்டது. பனிவாயனே நின்றான். தாடியெல்லாம் பனிக்கட்டி. அவனும் இருமினான்.

"நூறு வருஷக் குளிர், தாயீ. எனக்கும் ஒரு வாய் கொடு."

"குகையில் நிற்கிறவங்களை முதலில் விடு."

அவன் கையை உதறினான். மலைச்சரிவில் பேச்சும் சிரிப்பும் இறங்கி வருவது கேட்டது. உடனே கிண்ணத்தைப் பிடுங்கப் பாய்ந்தான். சாறு குலுங்கி மறுபடியும் கலங்கியது.

"உட்காரு" என்றாள் உலகம்மை. "தெளியட்டும்."

எதற்கும் காத்திராத பனிவாயன் ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்திருக்கும்போதே அவன் தாடி சொட்டத் தொடங்கியது. சாறு தெளிந்து, கொதிநீரில் கலந்து, கைக்கு வந்து, அவன் குடித்து முடித்தபோது அங்கே மந்திரவாதி இல்லை. மெலிந்த கிழவர் ஒருவர் இருந்தார்.

"கருப்பட்டி கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம்" என்றார் அவர்.

"பாத்தியாக்கா, மந்திரம் போச்சு, வாய் போகலை!" என்று பேச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான்.

அவர்கள் நெஞ்சு இளகியது போல, இதைக் கேட்டவர்கள் நெஞ்சிலும் சளி தங்காமல் இருக்கட்டும்.