கோணலூர் மாப்பிள்ளையும் ஒற்றைத் தண்டவாளமும்

கோணலூர்க்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அதுதான் அவர்களோடு எல்லாருக்கும் தொல்லை.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பிடுங்கி, நடக்கவும் சைக்கிள் விடவும் அழகாகப் பாதை போட்டார்கள். திறந்துவைத்த அதிகாரி மாலை போட்ட சந்தோஷத்தில், "ரயிலுக்குக் கொடுத்த அதே மரியாதையை இந்தப் பாதைக்கும் கொடுங்கள்" என்று பேசிவிட்டு ஜீப்பில் போய்விட்டார். அவருக்கென்ன, போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கோணலூரில் யாரும் தனியாக நடக்கவில்லை. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். கடைசி ஆள் பச்சைத் துண்டை வீசிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டு திரும்பி நிற்பதைத்தானே அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இந்த நிலையில் தவசிக்குக் கல்யாணம் வந்தது. வயது நாற்பது. இதுவரை பார்த்த பெண் வீட்டார் எல்லாரும் ஊரைப் பார்த்ததும் திரும்பிவிட்டார்கள். பாதையின் மறுகோடியில் இருந்த சாலிக்குளம் வீரணன் மட்டும் மகள் செவ்வந்தியைத் தரச் சம்மதித்தார். அவரும் அதே அதிகாரியின் பேச்சைக் கேட்டவர், பொருத்தம் பார்க்கவே வேண்டியதில்லை. ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். விட்டால் ஆடி. தவசிக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, பாவம்.

விடிந்ததும் தவசி சைக்கிளில் எஞ்சினாக முன்னே போக, தாய்மாமன் சங்கிலி கேரியரைப் பிடித்துக்கொள்ள, ஊரே பின்னால் கோத்துக்கொண்டு சாலிக்குளத்துக்குப் புறப்பட்டது. அந்தக் காலத்து எஞ்சின் தண்ணீர் பிடித்த இடத்திலெல்லாம் நிறுத்தி எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். குடித்ததற்கு அப்புறம் மறுபடி நிறுத்த வேண்டியிருந்தது. வெயில் ஏறிவிட்டது.

மாப்பிள்ளையைக் காணோமே என்று பதறிய வீரணன், "நாமளே போயிருவோம்" என்று பெண்ணையும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு எதிரே வந்துவிட்டார். பழைய ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டமும் மூக்கும் மூக்கும் இடிக்க நின்றன.

"ஒத்தை லைன்ல ரெண்டு வண்டியா!" என்று அலறினார் சங்கிலி. "நல்லவேளை, மோதல!"

அந்தப் பாதையில் இரண்டு மாட்டுவண்டி ஒதுங்கிப் போகலாம். அது வேறு விஷயம்.

"யாராச்சும் ஒருத்தர் பின்னால போயி ஸ்டேஷன்ல ஒதுங்கணும்" என்றார் வீரணன்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பின்னால போறதா? நல்லாருக்கே ஞாயம்!"

அரைமணி நேரம் விவாதித்து, பெண்வீட்டார்தான் பணிய வேண்டும் என்று முடிவாயிற்று. அவர்கள் பின்பக்கமாகவே நடந்து பிளாட்பாரத்தில் ஏறி நின்றார்கள். மாப்பிள்ளைக் கூட்டம் மணியடித்துக்கொண்டு கடந்தது. செவ்வந்தி கைக்கெட்டும் தூரத்தில் மாலையோடு நின்றாள். தவசியின் மடியில் தாலி இருந்தது.

"மாமா, பொண்ணு இந்தா நிக்கிது. எறங்கிக் கட்டிரட்டுமா?"

"கூறுகெட்டவனே! கிராசிங்ல நீ நின்னா எதிர்வண்டி எப்படிடா போகும்?"

"எதிர்வண்டியே அவங்கதானே மாமா?"

"அதத்தான் நானும் சொல்றேன். மிதி!"

செவ்வந்தி அப்பாவின் சட்டையை இழுத்தாள். "யப்பா, மாப்பிள்ளை அங்கிட்டுப் போறாரு. நாமளும் திரும்பிருவோம்ப்பா."

"கெளம்புன வண்டி பாதியில திரும்புமா தாயி? லைன் கிளியர் ஆயிருச்சு, நட" என்றார் வீரணன். அவள் தலையில் அடித்துக்கொண்டு நடந்தாள்.

சாலிக்குளம் பந்தலில் மேளக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். தவசி மணவறையில் உட்கார்ந்து பக்கத்துப் பலகையைப் பார்த்து அழுதான். சங்கிலி போன் போட்டார்.

"சம்பந்தி, மாப்பிள்ளை பத்திரமா வந்து சேந்துட்டாரு. பொண்ணு எங்க?"

"பொண்ணும் பத்திரமா கோணலூர் வந்து சேந்துருச்சு. மாப்பிள்ளையத்தான் காணோம்."

"ஒண்ணும் கெட்டுப்போகல, முகூர்த்தம் இன்னும் இருக்கு. நீங்க இப்பவே கெளம்புங்க, நாங்களும் கெளம்பிடுறோம். போன தடவை நீங்க ஒதுங்குனீங்க. இந்தத் தடவை நாங்க ஸ்டேஷன்ல ஒதுங்கிக்கிறோம், நீங்க நிக்காமப் போயிருங்க."

இப்படி விட்டுக்கொடுக்கிற சம்பந்தி யாருக்கு வாய்க்கும்! வீரணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்ணோடு புறப்பட்டார்.