புல் பாலமும் சிவப்பு நூலும்

ஆண்டிஸ் மலையின் உயரத்தில் லாமாக்கள் ஒரு ராஜ்யம் நடத்தின. லாமா தெரியுமல்லவா? ஒட்டகத்துக்குச் சித்தப்பா பிள்ளை. திமில் கிடையாது. கோபம் வந்தால் எதிரே நிற்பவர் முகத்தில் துப்பிவிடும்.

அதே மலையை இன்கா என்ற மனிதர்களும் ஒரு காலத்தில் ஆண்டார்கள். அவர்கள் கதையும் லாமாக்கள் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். யாரைப் பார்த்து யார் கெட்டார்கள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

லாமாக்கள் கெட்டிக்காரப் பிராணிகள். செங்குத்தான மலையைப் படிப்படியாக வெட்டி வயலாக்கின. சுண்ணாம்பே இல்லாமல் கல்லோடு கல்லைப் பொருத்திச் சுவர் எழுப்பின. பூமி அதிர்ந்தாலும் அந்தச் சுவர் விழாது. உருளைக்கிழங்கைப் பனியில் உறையவைத்து, வெயிலில் காயவைத்து, மிதித்து நீரைப் பிழிந்து, வற்றலாக்கிக் கிடங்குகளில் நிரப்பின. மழை பொய்த்த வருஷத்தில்கூட அங்கே ஒரு குட்டியும் பசியோடு தூங்கியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் அவற்றின் பாலம். கீழே அதலபாதாளத்தில் ஆறு. மேலே, வெறும் புல்லைப் பல்லால் பிடித்து முறுக்கிக் கயிறாக்கிக் கட்டிய தொங்குபாலம். வருஷா வருஷம் இரு கரை லாமாக்களும் கூடி, பழையதை அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டும்.

அந்தப் பாலத்துக்குக் காவல் கில்லா என்ற பெண் லாமா. அதற்கு டிக்கா என்று ஒரே ஒரு குட்டி. பாலத்தை ஒட்டிய வயலில்தான் டிக்கா நாள் முழுதும் துள்ளிக்கொண்டிருக்கும்.

ராஜ்யத்தில் ஒரு சட்டம் இருந்தது. ராஜா சொல்லாமல் ஒரு குளம்பும் அசையக் கூடாது. ராஜாவின் உத்தரவு முடிச்சுப் போட்ட கயிறாக வரும். அதன் நுனியில் சிவப்பு நூல் இருந்தால் அது ராஜாவின் வாக்கு. மலைமுயல்கள் அதை வாயில் கவ்விக்கொண்டு ஓடும். ஒன்று களைத்தால் அடுத்தது வாங்கிக்கொண்டு ஓடும். பாலத்துக்கு வந்து சேரும் கடைசி முயலின் பெயர் வைரா.

"நூல் வந்ததா, வைரா?" என்று கில்லா கேட்கும்.

"வந்தது, அக்கா! பாலத்தைப் புதுப்பிக்கச் சொல்லி!"

உடனே இரண்டு கரையும் வேலையில் இறங்கிவிடும். நூல் வராவிட்டால், கண்ணெதிரே ஒரு கயிறு தளர்ந்து தொங்கினாலும் யாரும் இழுத்துக் கட்ட மாட்டார்கள். சொன்னதைச் செய்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்று எல்லா லாமாக்களும் நம்பின. அதில் பாதி உண்மையும்கூட.

இப்படி இருக்கையில், கடல் பக்கத்திலிருந்து ஓநாய்கள் கரையேறின. அவை மலை ஏறும் முன்பே அவற்றின் இருமல் மலை ஏறிவிட்டது. கூட்டம் கூட்டமாக லாமாக்கள் செத்தன. கிழட்டு ராஜாவும் இருமி இருமி உயிரை விட்டது.

அதற்கு இரண்டு மகன்கள். மூத்தது சுமாக், கில்லா காவல் நின்ற இந்தக் கரையில். இளையது ருமி, அந்தக் கரையில். இரண்டும் தானே ராஜா என்றன. இரண்டும் சிவப்பு நூல் அனுப்பின.

"பாலத்தை அறுத்துவிடு! தம்பி வரக் கூடாது!" என்றது சுமாக்கின் நூல்.

"பாலத்தை இறுக்கிக் கட்டு! நான் படையோடு வருகிறேன்!" என்றது ருமியின் நூல்.

பாவம் கில்லா! காலையில் ஒரு கயிற்றை அவிழ்த்தது. மாலையில் அதையே கட்டியது.

அண்ணனும் தம்பியும் முதலில் துப்பிக்கொண்டன. பிறகு உதைத்துக்கொண்டன. பிறகு கடித்துக்கொண்டன. முடிவில் சுமாக் செத்தது, ருமி ஜெயித்தது. இருமலுக்குத் தப்பியவற்றில் பாதி இந்தச் சண்டையில் போய்விட்டன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி ஓநாய்.

ருமி அந்தக் கரையில் ஒரு வெந்நீர் ஊற்றில் சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தது.

"மகாராஜா, ஓநாய்கள் வருகின்றன!" என்றது ஒரு காவல் லாமா.

"எத்தனை?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்தானே? வரட்டும்! நானும் ஓநாயைப் பார்த்ததில்லை!"

ஓநாய்த் தலைவன் வாலைக் குழைத்துக்கொண்டு வந்தது. "மகாராஜா! நாளைக்கு எங்கள் குகையில் விருந்து. படை எதற்கு? பாட்டுக்காரர்களோடு வந்தால் போதும்!"

ருமி பாட்டுக்காரர்களோடு போனது. குகைக்குள் நுழைந்ததும் ஓநாய் ஒரே பாய்ச்சலில் அதைக் கீழே தள்ளிக் கழுத்தில் காலை வைத்தது. வெளியே மலைச்சரிவு முழுதும் லாமாப் படை நின்றிருந்தது. உதைக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை. ஆகவே எதுவும் உதைக்கவில்லை.

"கொன்றுவிடலாமா?" என்று ஒரு குட்டி ஓநாய் கேட்டது.

"முட்டாளே! இதைக் கொன்றால் அத்தனை குளம்பும் நம்மேல் விழும். உயிரோடு வைத்திருந்தால் அத்தனை குளம்பும் நமக்கு வேலை செய்யும்!" என்றது தலைவன். பிறகு ருமியின் பக்கம் திரும்பியது. "உம், பாலத்துக்கு நூல் அனுப்பு!"

இந்தக் கரைக் கிடங்குகளைக் கொடுத்துவிட்டால் ஓநாய் தன்னை விட்டுவிடும் என்று ருமி நினைத்தது. முடிச்சைப் போட்டுக் கொடுத்தது.

வைரா மூச்சிரைக்கப் பாலத்துக்கு ஓடி வந்தது.

"அக்கா! ஓநாய்களைப் பாலத்தில் விடச் சொல்லி நூல்! ஆனால் நம்பாதே! இந்தத் தடவை நானே குகைவரை போனேன். ராஜாவின் கழுத்தில் ஓநாயின் கால் இருந்தது!"

"நூல் சிவப்பா?"

"சிவப்புதான். அதனால் என்ன?"

"அப்படியானால் ராஜாவின் உத்தரவுதானே, வைரா?"

"ஐயோ, அக்கா! இது வெறும் புல்! நீ புல் தின்கிற பிராணி! வாயை வைத்தால் போதுமே! பின்னால் டிக்கா நிற்கிறதே, பார்!"

கில்லா பார்த்தது. டிக்கா வயலில் ஒரு பட்டாம்பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்தது. கில்லா ஓரடி முன்னே வைத்தது. கயிற்றின் பக்கம் கழுத்தை நீட்டியது. பிறகு இழுத்துக்கொண்டது.

"உத்தரவு இல்லாமல் நான் எப்படி அறுப்பேன்? இன்னொரு நூல் வரும். பொறு" என்றது.

ஓநாய்கள் பாலத்தில் ஏறின. பாலம் ஆடியது. அவற்றுக்குப் பயத்தில் வால் காலுக்குள் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தன. அப்போதுகூட நேரம் இருந்தது. கில்லா ஒதுங்கி நின்று வழிவிட்டது.

"பிரமாதமான பாலம்!" என்று பாராட்டிவிட்டுத் தலைவன் கரையில் குதித்தது. அதன் கண்ணில் முதலில் பட்டது டிக்காதான்.

கில்லா கதறியது. அந்தக் கதறலைக் கேட்டு வைரா காதுகளை மடக்கிக்கொண்டது. வேறென்ன செய்ய முடியும்?

சில நாளில் கிடங்குகள் காலியாயின. இனி ருமியால் பயன் இல்லை என்று ஓநாய்கள் அதையும் தின்றுவிட்டன. அதன்பின் நூலும் வரவில்லை. மிஞ்சிய லாமாக்கள் ஓநாய்களுக்கு மூட்டை சுமந்தன.

ஒருநாள் கில்லா முதுகில் சுமையோடு பாலத்தடிக்கு வந்தது. தாங்க முடியாத பசி. கயிற்றில் வாய் வைத்தது. மென்றது. இன்னும் கொஞ்சம் மென்றது. படாரென்று பாலம் அறுந்து ஆற்றில் விழுந்தது.

"இது யார் உத்தரவு, அக்கா?" என்று வைரா கேட்டது.

"யாரும் சொல்லவில்லை. பசித்தது." கில்லா அறுந்த கயிற்றையே பார்த்தது. "இவ்வளவுதானா, வைரா? ஒரு வேளைத் தீனிதானா?" என்று சொல்லி அழுதது.

சூரியனைக் கும்பிட்ட ராஜ்யம் அது. ஆனாலும் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்? ஓநாய்கள் எல்லாம் இந்தக் கரையில்தான் இருந்தன.

ஆபத்து வாசலுக்கு வந்த பிறகும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பவர்கள், எவ்வளவு அருமையாகப் பாலம் கட்டினாலும் அதைப் பகைவனுக்கே கட்டிக் கொடுக்கிறார்கள்.