திருடிய கை எது?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குக் காரணம் கேட்டாலே கொட்டாவி வந்தது. "இனி வழக்குகளில் முடிவை மட்டும் எழுதுங்கள். காரணம் எழுதுகிறவருக்குக் கசையடி!" என்று கட்டளையிட்டுவிட்டார். நியாயாதிபதி திருமேனிநாதருக்கு வேலை சுலபமாகிவிட்டது.

அந்த மாதமே ராணியின் முத்துமாலை காணாமல் போயிற்று. அரண்மனைத் துணி வெளுக்கும் முத்திருளன் பிடிபட்டான். 'முத்திருளன் திருடன். திருடிய கையை வெட்டுக.' ஓலையில் இருந்தது அவ்வளவுதான்.

விகடகவி பிச்சாண்டியைக் கண்டால் திருமேனிநாதருக்கு ஆகாது. "தண்டனையை நம் விகடகவியே நிறைவேற்றட்டும், அரசே. மறுத்தால் அவர் தலை போகட்டும்" என்றார் குழைவாக. ராஜாவும் சரியென்றுவிட்டார்.

பிச்சாண்டி அரிவாளை வாங்கினான். முத்திருளனின் மனைவி பூவாயி அழக்கூட இல்லை. பிச்சாண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் ஓலையில் கண்ணைப் பதித்தான். இன்னொரு தரம் படித்தான். அப்போதுதான் மூச்சு வந்தது.

"அரசே, திருடாத கையை வெட்டினால் ஆணையை மீறியவன் ஆவேன். திருடியது எந்தக் கை?"

"வலது கை!" என்று சீறினார் திருமேனிநாதர்.

"எப்படித் தெரியும்?"

"காரணம் கூடாதென்பது அரசாணை!"

"எழுதத்தான் கூடாது, ஐயா. வாயால் சொல்லலாமே."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லும்."

"மாலை இருந்த பேழை ஆளுயரத்துக்கு மேலே மாடத்தில் இருந்தது. இவன் இடது கையில் அழுக்குமூட்டை இருந்ததைக் காவலன் பார்த்திருக்கிறான். வலது கையைத் தூக்கித்தானே எடுத்திருக்க முடியும்?" என்றார் திருமேனிநாதர்.

"முத்திருளா, வலது கையைத் தூக்கு" என்றான் பிச்சாண்டி.

முத்திருளன் பல்லைக் கடித்துத் தூக்கினான். கை தோளுக்கு மேல் ஏறவில்லை.

"மூணு மாசமா இப்படித்தான் சாமி. நாந்தான் துவைக்கிறேன்" என்றாள் பூவாயி. அரண்மனை வைத்தியர் தோளை அழுத்திப் பார்த்து, "மெய்தான் அரசே, மூட்டு இறுகிக் கிடக்கிறது" என்றார்.

"இதை ஏனப்பா முன்பே சொல்லவில்லை?" என்று முத்திருளனைக் கேட்டார் ராஜா.

"எதனால நான் திருடன்னு யாரும் சொல்லலியே சாமி. எதுக்குன்னு பதில் சொல்றது?"

ராஜாவின் முகம் சிறுத்துப்போயிற்று. முத்திருளனை அப்போதே விடுவித்தார். காரணம் எழுதாத தீர்ப்பு இனிச் செல்லாது என்றார். தம் நவரத்தின மாலையைக் கழற்றிப் பிச்சாண்டியிடம் நீட்டினார்.

பிச்சாண்டி பின்வாங்கினான். "எதற்காகத் தந்தீர்கள் என்று ஓர் ஓலையும் வேண்டும், அரசே. இல்லாவிட்டால் நாளைக்கு நியாயாதிபதி என் கையைத் தேடுவார்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"திருமேனிநாதரே, எடும் எழுத்தாணியை. காரணத்தை விவரமாக எழுதும்!"