வீடு திரும்பும் சரணம்

"ஐயா, அந்த அஞ்சாவது சரணத்தை வெட்டப் போறேன்."

மாசிலாமணி உபதேசியார் பனையோலைப் பட்டையில் பதநீர் குடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"காதுல விழுந்துச்சா ஐயா?"

"விழுந்துச்சு. வெட்டு."

சண்டைக்குத் தயாராக வந்தவனிடம் இப்படிச் சட்டென்று சம்மதித்தால் அவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? தேவசித்தத்துக்கு மூக்கு விடைத்தது.

தேவசித்தம் லேசான ஆள் இல்லை. டவுன் வேதக்கோயிலில் பாடகர் குழுத் தலைவர். ஹார்மோனியத்தில் புலி. தலை நரைத்தாயிற்று. ஆனாலும் மீட்பர்குடியிருப்புக்கு வந்துவிட்டால் உபதேசியாரின் காலடியில், செம்மணலில்தான் உட்காருவார். பாட்டுக் கட்டக் கற்றது இவரிடம்தான்.

உபதேசியார் கட்டிய கீர்த்தனைகளை ஊர் ஊராகப் பாடுகிறார்கள். அவர் குரல் மட்டும் எங்கேயும் பதிவாகவில்லை. இப்போது தொண்டையில் புற்று. "பாடுறதா இருந்தா இப்பவே பாடிருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தேவசித்தம் நாயாய் அலைந்து, மெட்ராஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவரை மெஷினோடு கூட்டி வந்திருந்தார். மறுநாள் ஈஸ்டர். விடியற்காலையில் ஊர்ச்சனம் பாடிக்கொண்டே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அப்போது பதிவு. இதை விட்டால் வேறு நாள் கிடையாது, குரலும் கிடையாது.

பதியப்போகும் பாட்டு எதுவென்று அந்தப் பக்கத்தில் யாரும் கேட்கவே மாட்டார்கள்.

உபதேசியாரின் ஒரே பிள்ளை ஈசாக்கைக் காலரா கொண்டுபோன அன்று, சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே அவர் கட்டிய பாட்டு. நாலு சரணம். கல்லறைத் தோட்டத்து வாசலில் முடியும். அது இல்லாமல் அந்த வட்டாரத்தில் அடக்கமும் இல்லை, ஈஸ்டரும் இல்லை.

ஆனால் சனங்கள் பாடுவது அஞ்சு.

"அதை யாரு கட்டினதுன்னே தெரியலை ஐயா. உங்க நாலும் முகாரியில உருகுது. அது கும்மி கொட்டுது. 'கல்லு பெரண்டு போச்சுதே, காலம் விடிஞ்சு போச்சுதே.' இயேசுவோட கல்லறைக் கல்லு பெரண்டாம்! விடிஞ்சாம்! உங்க வாயில இது வருமா?"

"வராது."

"பின்னே? உங்களுக்குப் பிறகு அந்தத் தட்டுதான் நிக்கப்போவுது. அதுல இந்தக் கூத்து இருக்கணுமா?"

"வெட்டுன்னுதான் சொல்லிட்டேனே. பாடுறவங்க என்ன சொல்லுதாங்க?"

அங்கேதான் சிக்கல். ஊர்ப் பாடகர் குழுவில் பெரிய தொண்டை ஜெபத்தாய்க்கு. அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்: "அஞ்சு இல்லன்னா நாங்களும் இல்ல. நீரும் உம்ம ஆர்மோனியப் பொட்டியுமா பாடிக்கிடும்."

உபதேசியாருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இருமலும் வந்தது.

"நான் சொன்னேன்னு சொல்லு, கேப்பா. எந்திரி. கல்லறைத் தோட்டம் வரைக்கும் போயிட்டு வருவோம். நாளைக்குப் பாடணும்லா, ஒரு தடவை பாடிப் பாத்திருவோம்."

போனார்கள்.

பொழுது சாய்கிற நேரம். பெரியவர் முனகினார், தேவசித்தம் பாடினார். நன்றாகவே பாடினார், சும்மா சொல்லக் கூடாது. தோட்டத்துக் கேட்டை நெருங்கும்போது நாலாவது சரணத்தின் கடைசி வரி வந்தது.

*மண்ணில் வைத்துப் போகிறோம்,
மறவாதிரும் ஐயா.*

உள்ளே ஈசாக்கின் கல்லறை தெரிந்தது. ஈஸ்டருக்காக அன்று காலைதான் வெள்ளையடித்திருந்தார்கள். சின்னக் கல்லறை.

"நல்லாருக்கு. முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு ஐயா."

"சரி, வீட்டுக்குப் போவோம். பாடு."

"என்னத்தப் பாட?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."



"முதல்லயிருந்து பாடவா?"

"அது பிள்ளையைத் தூக்கிட்டு வாற பாட்டுல்லா. வெறுங்கையோட திரும்பிப் போகையில அதையா பாடுவ?"

பாட்டில்லாமல் நடந்தார்கள். வந்த வழிதான். ஆனால் தேவசித்தத்துக்கு அது முடிகிற மாதிரியே இல்லை.

பாதியில் ஓர் உடைமரம். உபதேசியார் அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"அன்னைக்கு இந்த இடத்துலதான் நின்னுட்டேன். அதுக்கு மேல காலு வரலே. வீட்டுல பிள்ளையைப் பெத்தவ மயங்கிக் கிடக்கா. அவகிட்ட போய் என்ன சொல்ல? நாலு கட்டுனவனுக்கு அஞ்சாவது வாயில வரலே. அப்பத்தான் பின்னால யாரோ ஆரம்பிச்சாங்க."

"அந்தச் சரணத்தையா?"

"ஆமா. குரல் நடுங்குது. ஆணா பொண்ணான்னுகூடப் புரியலே. பிறகு எல்லாரும் சேந்துக்கிட்டாங்க. காலு நடந்துச்சு."

"யாரு ஐயா அது?"

"திரும்பிப் பாக்கலே. பாத்திருந்தா அங்கேயே விழுந்திருப்பேன். பிறகு எத்தனையோ பேருகிட்ட கேட்டுட்டேன். ஒருத்தரும் நான்தான்னு சொல்லலே."

 ஆனாலும் தேவசித்தத்துக்குள்ளே இருக்கிற சங்கீதக்காரன் சும்மா இருப்பானா?

"அதெல்லாம் சரி ஐயா. ஆனா இது இசைத்தட்டு. உலகமே கேக்கும். பாட்டு சுத்தமா இருக்கணும்லா?"

"இருக்கட்டும். நாலோட நிறுத்து. உலகமெல்லாம் கல்லறை வாசல்லயே நிக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

அந்தத் தட்டைப் போட்டால் இன்றைக்கும் எல்லாம் கேட்கலாம்.

முதலில் மணலில் கால்கள். ஒரு சேவல். யாரோ மூக்கை உறிஞ்சுவது. அது ஜெபத்தாய். உபதேசியார் வாயால் கேட்டுக்கொண்டதால் வந்திருக்கிறாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பிறகு அந்தக் குரல். கரகரத்த, தேய்ந்துபோன குரல். கேட்டவர்கள் யாரும் இதுவரை அது தேய்ந்த குரல் என்று சொன்னதில்லை.

நாலாவது சரணம். *மறவாதிரும்* என்கிறார். அதன் பிறகு வரவேண்டிய *ஐயா* வரவில்லை.

மௌனம்.

தட்டு பழுது என்று அந்த இடத்தில் ஊசியைத் தூக்கிவிடுகிறவர்கள் உண்டு. பழுது இல்லை. உபதேசியார் தோட்டத்துக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முதுகுதான் தெரிகிறது. ஈசாக்கின் கல்லறையைப் பார்த்தபடி நின்றவருக்குக் கால் நகரவில்லை.

தோளில் மெஷினோடு கம்பெனிக்காரர், நிறுத்தவா என்று சைகையில் கேட்கிறார். தேவசித்தம் கையைத் தூக்கினால் போதும், நிறுத்திவிடுவார். அப்படித்தான் பேச்சு.

அஞ்சாவதைப் பாடுவதில்லை என்று கொடுத்த வாக்கை ஊர்ச்சனம் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறது. எல்லார் வாயும் மூடியிருக்கிறது. எல்லார் கண்ணும் தேவசித்தத்தின் மேல்.

தேவசித்தம் கையைத் தூக்கினார். உபதேசியாரின் முதுகைப் பார்த்தார். கை கீழே வந்துவிட்டது.

பாடினார்.

*கல்லு பெரண்டு போச்சுதே…*

சுருதி விலகிய குரல். அடி வயிற்றிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்த குரல். அவருடைய குழுவில் யாராவது அப்படிப் பாடினால் வெளியே போகச் சொல்லியிருப்பார்.

*காலம் விடிஞ்சு போச்சுதே…*

ஜெபத்தாய்க்கு அதற்கு மேல் பொறுக்குமா? கையைத் தட்டினாள் பாருங்கள்! ஊரே சேர்ந்துகொண்டது. கிழவிகள் குலவை போட்டார்கள். கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை ஓடிப்போய் மணிக்கயிற்றில் தொங்கினார். கம்பெனிக்காரர் "மெதுவா, மெதுவா, மெஷின் தாங்காது" என்று கத்துவதும் தட்டில் இருக்கிறது. யார் கேட்டார்கள்?

*வீட்டுக்கு வாரும் இயேசையா,
வெளக்கு ஏத்தி வச்சிருக்கோம்!*

அன்றைக்குத் திரும்பிப் பார்க்காத உபதேசியார் இன்று திரும்பிப் பார்த்தார்.

கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. இனிமேல் வராது என்று எல்லாரும் நினைத்திருந்த குரல், அத்தனை சத்தத்துக்கும் மேலே வந்தது.

"ஏலே தேவசித்தம், நீதானாலே அது!"