'சாரி' எழுதிய சீட்டு

மலையடிவாரத்து மடம் ஒன்றில் அகராதி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. தமிழர் வாயில் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு வேரும் பொருளும் தேடிச் சீட்டுகளில் எழுதுவது சீடர்களின் பணி. பணியை நடத்தியவர் உமையம்மை. எல்லோருக்கும் அவர் அம்மா.

ஒரு பிற்பகல் அம்பலவாணன் அவர் முன் வந்து நின்றார். நாற்பது வயது, முன்னாள் கல்லூரி விரிவுரையாளர்.

"அம்மா, எதிர் மேசைத் தையல்நாயகி பெட்டி கட்டுகிறாள். நாலு மணிப் பேருந்தில் ஊருக்கே போகிறாளாம். நீங்கள்தான் தடுக்க வேண்டும்."

"ஏன் போகிறாள்?"

"நேற்று ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். மழையில் அவளுடைய சீட்டுகள் நனைந்து மை கரைந்துவிட்டது."

"எத்தனை சீட்டு?"

"இரண்டு வருட வேலை."

"நீ என்ன சொன்னாய்?"

"சாரி என்றேன். வாய் வலிக்கச் சொல்லிவிட்டேன், அம்மா. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை ரோஷம் ஆகாது."

"வாய் மட்டும்தான் வலித்ததா?"

அம்பலவாணன் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சொல் உன் பங்கில்தானே இருந்தது? எழுதி முடித்தாயா?"

அம்பலவாணன் முகம் தெளிந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

"மூன்று வாரம் பிடித்தது, அம்மா. இன்னும் நகல் எடுக்கவில்லை."

"வாசி."

"'பழைய ஆங்கிலத்தில் வேதனையில் இருப்பவரைக் குறித்தது. வலி, காயம் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. நாளடைவில் வலி தேய்ந்து மரியாதைச் சொல்லாயிற்று. இன்று தோள் இடித்தாலும் சொல்வர். காதில் விழாவிட்டாலும் சொல்வர்.'"

"பிழையில்லை. கொடு."

அம்மா சீட்டை மேசைமேல் வைத்தார். பக்கத்திலிருந்த செம்பை எடுத்து, நிதானமாக அதன்மேல் தண்ணீர் ஊற்றினார். எழுத்துகள் கலங்கி, நீலமாய் மேசை விளிம்பில் வழிந்தன.

"ஐயோ, அம்மா!"

அம்பலவாணன் இரு கைகளாலும் சீட்டை வாரி எடுத்தார். விரல்களெல்லாம் மை.

அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மூன்றரை. பேருந்து வருவதற்குள் அவளிடம் போய்ச் சொல்."

"எதை, அம்மா?"

"சீட்டு நனைந்ததும் சொன்னாயே, அதை."