பெட்டிக்குள் ஒன்றரை டிகிரி

“காத்திருந்து அலுத்துப்போச்சும்மா” என்றார் கோமதிநாயகம்.

தவமணியம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்.

“உட்கார்ந்தும் அலுத்துப்போச்சு.”

“அப்ப நில்லுங்க.”

கோமதிநாயகம் நின்றார்.

அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலை முழுக்க நரைத்தவர். தவமணியம்மா அவரைவிட மிகவும் இளையவர். மலையுச்சியில், பாதை முடிகிற இடத்தில் இருந்த கடைசி வீட்டில் தனியாக வாழ்ந்தார். மனக்குறை உள்ளவர்கள் அவரைத் தேடி ஏறி வருவார்கள். சிலருக்குப் பதில் சொல்வார். சிலருக்கு வேலை கொடுப்பார். பெரும்பாலும் வேலைதான்.

கோமதிநாயகத்தின் குறை பனி.

அந்த மலையில் மார்கழியிலும் தையிலும் உறைபனி உண்டு. விடியலில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும், வெயில் பட்டதும் கரைந்துபோகும். அது தரையில் உறைவது. அவர் ஆசைப்பட்டது அதற்கல்ல. வானத்திலிருந்து பஞ்சுபோல் உதிர்ந்து, தோளில் இறங்கி, கூரைமேல் தங்குகிற பனிக்கு.

அப்படி அங்கே பனி விழக் கண்டவர் யாரும் இல்லை. விழவே விழாது என்று அடித்துச் சொன்னவரும் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் கோமதிநாயகம் பல வருடங்களாகக் குடியிருந்தார்.

தனியாகவும் இல்லை. வானிலை பார்ப்பதில் கிறுக்குப் பிடித்த ஏழெட்டுப் பேரை டவுனிலிருந்து சேர்த்துக் கூடவே குடிவைத்திருந்தார். பேக்கரி நடத்தும் இருதயராஜ் அதில் ஒருவர். பள்ளிக்கூடத்து ஹாஜிரா டீச்சர் இன்னொருவர். மேகப் படங்களைப் பார்ப்பார்கள், காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள், மாறி மாறிப் போனில் பேசிக்கொள்வார்கள்.

பனி விழக் குளிரும் வேண்டும், மேகமும் வேண்டும். அந்த மலையில் அவை இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள். வானம் தெளிந்தால் குளிர் வரும், மேகம் எட்டிப்பார்க்காது. மேகம் வந்து உட்கார்ந்தால் குளிர் எழுந்து போய்விடும்.

போன வருடம் இரண்டும் சேர்ந்து வரும்போலத் தெரிந்தது. கோமதிநாயகம் எல்லோரையும் கூப்பிட்டார். நிச்சயம் விழும் என்றார். கடையை அடைத்துவிட்டு, பிள்ளைகளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, இந்த உச்சிக்கு ஏறி வந்தார்கள்.

தூறல் விழுந்தது.

நனைந்துகொண்டே இறங்கினார்கள். ஹாஜிரா டீச்சரின் பேரனுக்கு ஒரு வாரம் காய்ச்சல். கோமதிநாயகத்தை யாரும் குறை சொல்லவில்லை. இருதயராஜ் மட்டும், “முன்னாடியே சொல்லியிருந்தா பன்னு மேல தூவுற சர்க்கரையைக் கொண்டாந்து நானே தூவிவிட்டிருப்பேனே சார்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோமதிநாயகமும் சிரித்தார்.

சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். அவருக்கு மட்டும் அது நெஞ்சில் முள்ளாக நின்றது.

இப்போது மறுபடியும் குளிர் இறங்கியிருந்தது. அன்று காலையில் மேகமும் வந்துவிட்டது. டவுனில் எல்லோரும் அவர் வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் கிளம்பினால்தான் உச்சிக்கு வந்துசேர முடியும்.

கூப்பிட்டு, விழாமல் போனால் இனி அவர்கள் ஒருநாளும் வரப்போவதில்லை. கூப்பிடாமல் விட்டு, விழுந்துவிட்டால் அவர்கள் முகத்தை இவர் எப்படிப் பார்ப்பது? இதைத்தான் தவமணியம்மாவிடம் சொல்லி முடித்தார்.

தவமணியம்மா இன்னொரு பூண்டை எடுத்தார்.

“எத்தனை டிகிரி?”

“ஒன்றரை.”

“முன்னாடி பார்த்தப்ப?”

“அப்பவும் ஒன்றரை. அதுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது.”

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் முற்றத்துக்குப் போனார்.

முற்றத்தில் ஒரு கம்பத்தின்மேல் காற்று புகுகிற பலகைப் பெட்டி. அதற்குள் தெர்மாமீட்டர். மலையிலேயே உயரமான இடம் என்பதால், அனுமதி கேட்டு அவர்தான் அங்கே வைத்திருந்தார். சில நாட்களாக அதற்காகவே அங்கே தங்கியுமிருந்தார்.

கதவைத் திறந்தார். தலையை உள்ளே நீட்டி டார்ச்சை அடித்தார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துண்டின் நுனியால் துடைத்தார். மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். ஒன்றரை. கதவைச் சாத்தினார். நாலடி நடந்தார். திரும்பிப் போய் மறுபடியும் திறந்தார்.

தவமணியம்மா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகம் திரும்பி வந்தபோது கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று தவமணியம்மா கேட்டார். அவருக்கு நினைவில்லை. கண்ணை மூடினாலும் அந்தப் பாதரசக் கோடுதான் தெரிகிறது என்றார்.

“கொஞ்சம் படுங்க.”

“பகல்லயா? இப்பப் போய் எப்படிம்மா?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் பாய் விரிந்துவிட்டது. தலையணையும் கம்பளியும் வந்துவிட்டன. மறுத்துப் பேசவும் தெம்பில்லை. படுத்தார். கண்ணை மூடினார். உடம்பு முழுவதும் கல்லாகக் கனத்தது.

முகத்தில் ஏதோ வெளிச்சம் பட்டது.

கண்ணைத் திறந்தார். ஒரு சாண் தூரத்தில் தவமணியம்மாவின் முகம். கையில் அவருடைய டார்ச்.

“தூக்கம் வந்துடுச்சா?”

“இல்லம்மா.”

“சரி, தூங்குங்க.”

மூடினார். கன்னத்தில் சூடாக மூச்சு பட்டது. பூண்டு வாசனை வந்தது. நெற்றியை யாரோ துண்டால் துடைத்தார்கள்.

“இப்ப?”

“இல்லம்மா.”

“பாதியாவது வந்திருக்கா?”

அவர் புரண்டு சுவர்ப்பக்கம் படுத்தார். தவமணியம்மா எழுந்து சுவர்ப்பக்கம் போனார். வெளிச்சமும் கூடவே போனது.

“முன்னாடி இருந்ததுக்கு இப்ப பரவாயில்லையா?”

கோமதிநாயகம் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

“இப்படி மூஞ்சிமேலயே இருந்துக்கிட்டுப் பார்த்தா எப்படிம்மா தூக்கம் வரும்?”

தவமணியம்மா டார்ச்சைத் தாழ்த்தினார்.

திறந்திருந்த வாசல் வழியே முற்றத்துப் பெட்டி தெரிந்தது. அதன் கதவு சரியாகச் சாத்தாமல் லேசாகத் திறந்துகிடந்தது. கோமதிநாயகம் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போனார். உள்ளே பார்க்காமல் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். வந்து படுத்தார்.

தவமணியம்மா டார்ச்சை அணைத்து அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்.

போன் அடித்தபோதுதான் விழித்தார். சன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி வந்து, வேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் நின்றது. போனில் இருதயராஜ். எல்லோரும் பேக்கரி வாசலில் நிற்பதாகவும், வண்டிகூடப் பேசிவைத்திருப்பதாகவும், இவர் சொன்னால் கிளம்புவதாகவும் சொன்னார்.

“எத்தனை டிகிரி சார்?”

“பார்க்கல.”

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பதில் வந்ததே இல்லை.

“உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத் தூங்கினேன்.”

“சரி சார். விழுமா, விழாதா? அதைச் சொல்லுங்க.”

கோமதிநாயகம் தவமணியம்மாவைப் பார்த்தார். அவர் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

“தெரியாது இருதயராஜ்.”

“தெரியாதா?”

“தெரியாது. போன வருஷமும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சமாதிரி சொல்லிட்டேன்.”

பேக்கரி வாசலில் ஒரு வண்டி ஹாரன் அடிப்பது போனில் கேட்டது.

“அப்ப நாங்க வரட்டுமா, வேண்டாமா?”

“வாங்க” என்றார் கோமதிநாயகம். “எனக்கு உங்க எல்லாரையும் பார்க்கணும்போல இருக்கு. விழுந்தா விழட்டும்.”

இருதயராஜ் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினார். என்ன பேசுகிறார் என்று விளங்கவில்லை. பேச்சு நீண்டுகொண்டே போனது. கோமதிநாயகம் கண்ணை மூடிக் காத்திருந்தார்.

பிறகு இருதயராஜின் குரல் திரும்பி வந்தது.

“சார், ஹாஜிரா டீச்சர் கேக்கறாங்க. அங்க எத்தனை பேர் படுக்க இடம் இருக்கும்?”