ஊதிச் செய்த கிண்ணம்

யவனக் கப்பல்கள் மிளகுக்காக வந்து காத்துக் கிடந்த காலத்தில், கடலோர நாடு ஒன்றை ஓர் அரசர் ஆண்டுவந்தார். அவருடைய அவையில் விகடம் பேசிப் பிழைத்தவன் அழிசி. துறைமுகத்தில் அவன் வாங்கிவந்து கொடுத்த யவனக் கண்ணாடிக் கிண்ணத்தின்மேல் அரசருக்கு உயிர். கடல்நீரை அள்ளி உறையவைத்தது போன்ற நிறம். அடியில் கடுகளவு ஒரு காற்றுக் குமிழி. பாயசம் குடித்து முடித்ததும் அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள், "இதை எப்படியடா செய்கிறார்கள்?" என்று கேட்டார்.

அழிசி தவளைபோல் கன்னத்தை உப்பிக் காட்டினான். "உருகிய கண்ணாடியைக் குழாய் நுனியில் எடுத்து, இப்படி வாயால் ஊதுகிறார்கள், அரசே! அந்தக் குமிழி யவனன் விட்ட மூச்சு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அமைச்சர் கோவதத்தர் எழுந்துவிட்டார். அழிசியின் பேச்சுக்கு அரசர் சிரித்தாலே அவருக்கு வயிறெரியும்.

"எச்சில்! அரசரை எச்சில் கலத்தில் உண்ண வைத்திருக்கிறான். கிண்ணத்தை உடைத்து, இவனை நாடு கடத்த வேண்டும். வாய்க்காற்றுப் பட்ட எதுவும் இனி நம் பந்திக்கு வரலாகாது!"

அவை முழுவதும் தலையாட்டியது. அரசர் கிண்ணத்தை மடியில் வைத்துத் தடவினார். "நாளை மாலை கிண்ணம் உடையட்டும். நீயும் புறப்படு, அழிசி" என்றார், அவன் முகத்தைப் பாராமல்.

அழிசி கைகூப்பினான். "அப்படியே, அரசே. அதுவரை அமைச்சரின் கட்டளையைப் பந்தியில் நிறைவேற்றும் வேலையை எனக்குத் தாருங்கள்."

மறுநாள் உச்சிப்பொழுது தாண்டியும் உணவுச் சங்கு ஒலிக்கவில்லை. பசி பொறுக்காமல் எல்லோரும் தாங்களாகவே பந்திக்கு வந்தார்கள். இலையில் ஊறவைத்த அரிசி. பக்கத்தில் காம்போடு முழுக் கத்தரிக்காய்.

"சங்கு எங்கே? சோறு எங்கே?" என்றார் கோவதத்தர்.

"சங்கை வாயால் ஊத வேண்டுமே, ஐயா. அடுப்பில் ஈர விறகு. அதையும் ஊதுகுழலால் ஊதினால்தான் எரியும்."

"விசிறச் சொல்!"

"விசிறினோமே." அழிசி மடைப்பள்ளிக் கதவைத் திறந்தான். தலைமுதல் கால்வரை சாம்பலாய்ச் சமையற்காரர் தும்மிக்கொண்டு நின்றார்.

கோவதத்தர் கத்தரிக்காயைக் கடித்தார்; துப்பினார். அவர் வயிறு பந்திக்கே கேட்கும்படி உறுமியது. "ஊதித் தொலையுங்களடா!" என்று கத்தினார்.

அடுப்பு எரிந்தது. ஆவி பறக்கக் கஞ்சி வந்தது. அமைச்சர் கலத்தை இரு கையாலும் தூக்கினார். பசி அவசரத்தில், "ஃபூ... ஃபூ..." என்று ஊதினார்.

பந்தி முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அழிசி பணிவாகக் குனிந்தான்.

"மெல்ல ஊதுங்கள், ஐயா. கண்ணாடியாகிவிடப் போகிறது!"

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் பட்டுச் சால்வையை அழிசியின் தோளில் போர்த்தினார். யவனக் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லி, பாயசம் நிரப்பித் தம் கையாலேயே நீட்டினார். "நீயும் எங்கும் போகவேண்டாம், இதுவும் உடையவேண்டாம். முதல் மிடறு உனக்கு."

"சுடுகிறதே, அரசே" என்றான் அழிசி.

"ஊதிக் குடியடா!" என்றார் அரசர்.